சாகச ரசிகர் படத்தில் மேடை நடிகர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குகைக்குள் நுழையும் காட்சி. நாயகனாக நடித்தவர் பல வருடம் மேடை ஏறியவர். 'ஆக்‌ஷன்' என்றதும் "யாரும் அசையாதீங்க" என்ற வசனத்தைக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டார். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். இயக்குநர் 'கட்' சொல்லிவிட்டு, "சார், கொஞ்சம் குறைச்சு நடிங்க" என்றார். அடுத்த டேக்கில் குரல் குறைந்தது. கூடவே முகமும் செத்துப்போனது. எட்டாவது டேக் வந்தபோது, தனக்கு நடிப்பே வராதோ என்ற பயம் அந்த மனிதரின் கண்ணில் தெரிந்தது. நான் அன்று ஓரமாக விளக்கு பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் மேடையிலிருந்து வந்தவன் என்பதால் அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது.

ரசிகர் படம் என்பது தனக்குப் பிடித்த கதையின் உலகத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டுடியோ துணை இல்லாமல், கைக்காசு போட்டு எடுக்கும் படம். சாகசக் கதை என்றால் ஓட்டம், கயிறு, தீப்பந்தம், சண்டை எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட படத்துக்கு உள்ளூர் நாடகக் குழு நடிகர்களைப் போல நல்ல துணை கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். வசனம் மனப்பாடமாக இருக்கும், நேரத்துக்கு வருவார்கள், உடம்பு சொன்னபடி கேட்கும். இருந்தும் பல படங்களில் அவர்கள் ஒட்டாமல் தெரிகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்களுக்குச் சொல்லப்படாமல் விடுபட்ட விஷயங்கள்தான்.

'குறைச்சு நடிங்க' என்று சொல்வது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட. மேடை நடிகர் குரலையும் கையையும் பெரிதாக வைத்திருப்பது பழக்கதோஷம் கிடையாது. பார்வையாளர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவர் உடம்பு கணக்குப்போட்டு வைத்திருக்கிறது. அந்தத் தூரம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லாமல் 'குறை' என்று மட்டும் சொன்னால், அவர் உணர்ச்சியையே மூடி வைத்துவிடுவார். திரையில் அது மரக்கட்டையாகத் தெரியும்.

அதற்குப் பதிலாக ஃபிரேமைச் சொல்லுங்கள். "இது வைட் ஷாட், தலையிலிருந்து கால் வரை தெரியும், நடையை நன்றாகக் காட்டலாம்." "இது குளோசப், நெற்றியிலிருந்து தாடை வரைதான்." ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் இந்த ஒரு வரி போதும். முடிந்தால் மானிட்டரை ஒருமுறை காட்டிவிடுங்கள். தன் முகம் திரையை நிறைத்திருப்பதைப் பார்த்த மேடை நடிகர், யாரும் சொல்லாமலேயே புருவத்தை அடக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

குரலுக்கும் இதே வழிதான். 'மெதுவா பேசுங்க' என்பதைவிட, 'அவன் அரை அடி தூரத்தில் நிற்கிறான், அவனுக்கு மட்டும் கேட்டால் போதும்' என்பது வேலை செய்யும். அப்போது குரலின் அளவு குறையும், அழுத்தம் குறையாது. கத்தவேண்டிய வசனம் இருந்தால் அதை முன்கூட்டியே ஒலிப்பதிவாளரிடம் முழு சத்தத்தில் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண ரெக்கார்டரில் அளவு மீறி உடைந்த ஒலியை எடிட்டிங்கில் ஒட்டவைப்பது பெரும்பாடு.

இன்னொன்றையும் நடிகரிடம் சொல்லிவிட வேண்டும்: குளோசப்பில் எல்லாவற்றையும் முகம் சொல்லத் தேவையில்லை. சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் ஒரே முக ஷாட்டை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்டியதாகவும், பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டதாகவும் சொல்வார்கள். பாழடைந்த கோயிலின் கதவு திறக்கிறது என்றால், அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்று காட்டும் வேலையை அடுத்த ஷாட் பார்த்துக்கொள்ளும். நடிகர் அதைப் பார்த்தால் போதும். எதிரில் இருப்பவரோடு பேசும்போது கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய ஒரு கண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் குளோசப்பில் விழிகள் அலைவது அப்படியே தெரியும்.

மூல நாயகனைப் போல நடிக்கச் சொல்வது

ரசிகர் படத்துக்கே உரிய தவறு இது. இயக்குநருக்கு மூலப் படம் மனப்பாடம். அதே சிரிப்பு, அதே தோள் குலுக்கல், அதே தலைசாய்ப்பு வேண்டும் என்று கேட்பார். நடிகர் முயற்சி செய்வார். பார்ப்பவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், கதை அங்கேயே நின்றுவிடும்.

மேடைக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. ஒரு பாத்திரம் எந்த ஒரு நடிகரையும்விடப் பெரியது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை நானூறு வருடங்களாக எத்தனையோ பேர் நடித்துவிட்டார்கள். இந்தியானா ஜோன்ஸ் கதை என்றால், தொப்பியும் தோல் ஜாக்கெட்டும் யாருடைய கதை என்பதைச் சொல்லிவிடும். அதற்குள் இருக்கும் ஆளை நடிகரே கண்டுபிடிக்கட்டும். அந்த நாயகனுக்கு எதைக் கண்டால் பயம், எதற்காக உயிரைப் பணயம் வைக்கிறான், யாரை நம்பமாட்டான் என்று பேசுங்கள். சாயலை அப்படியே நகலெடுக்கச் சொல்வதைவிட இது நூறு மடங்கு பயன் தரும்.

கதை வரிசை தெரியாமல் கேமரா முன் நிறுத்துவது

நாடகத்தில் முதல் காட்சியில் நுழைந்து கடைசிக் காட்சியில் வெளியே வருகிறோம். நடுவில் ஏறிய உணர்ச்சி தானாகவே அடுத்த காட்சிக்குக் கொண்டுபோகும். படப்பிடிப்பில், குகையிலிருந்து தப்பித்து வெளியே விழும் ஷாட் முதல் நாள் காலையிலும், குகைக்குள் நுழைவது மூன்று வாரம் கழித்தும் வரலாம். மேடை நடிகர் தடுமாறும் இடம் இது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. காட்சி எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: உடையில் எவ்வளவு அழுக்கு, எங்கெங்கே காயம், எவ்வளவு மூச்சிரைப்பு, இந்த நேரத்தில் நாயகனுக்கு என்னென்ன தெரியும். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நடிகர் கையில் ஒரு பிரதி, மேக்கப் செய்பவர் கையில் ஒரு பிரதி. மூச்சிரைப்பு வேண்டிய ஷாட்டுக்கு முன் நிஜமாகவே அரை நிமிடம் ஓடிவிட்டு வரச் சொல்லலாம், நடித்துக் காட்டும் மூச்சு குளோசப்பில் நிற்காது.

அதைவிட நல்லது, படப்பிடிப்புக்கு முன் முழுக் கதையையும் ஒருமுறை நாடகம் போலவே முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்பது. ஒரு காலி அறை, நாற்காலிகள்தான் பாறை, தரையில் ஒட்டிய டேப்தான் பள்ளத்தாக்கு. பணம் செலவில்லை. சினிமாவுக்குப் புதிதாக வந்த இயக்குநர்கள் இதை நேர விரயம் என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு நாளில் நடிகர் உடம்பில் பதிவதுதான் பிறகு துண்டுதுண்டாக எடுக்கும்போது கைகொடுக்கும். ஒத்திகை என்பது இவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்த வேலை. அதைச் செய்யவிடாமல் விடுவதுதான் விரயம்.

கன்டினியூட்டியை நடிகரிடம் மறைப்பது

ஒரே வசனம், வைட் ஷாட்டிலும் குளோசப்பிலும். வைட்டில் 'வரைபடம்' என்ற சொல்லில் இடது கையால் சுருளை எடுத்தார். குளோசப்பில் உற்சாகம் வந்து, ஒரு வரி முன்னாலேயே வலது கையால் எடுத்தார். இரண்டுமே நல்ல நடிப்பு. ஆனால் ஒட்ட முடியவில்லை, கடைசியில் சுவரைப் பார்க்கும் ஒரு ஷாட்டை நடுவில் செருகி எடிட்டர் சமாளித்தார்.

மேடையில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பது உயிரோட்டம். இங்கே எந்தச் சொல்லில் எந்தக் கை என்பது முக்கியம், ஷாட்டுக்கு ஷாட் இப்படி ஒத்துப்போவதைத்தான் கன்டினியூட்டி என்கிறோம். இதைச் சொல்லிவிட்டால் மேடைக்காரர்கள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள், எங்கே நிற்பது எப்போது திரும்புவது என்று இடம் மாறாமல் நடிப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவைக்க ஒருவரைத் தனியாக நியமித்துவிடுங்கள்.

நாட்கள் நீண்டால் முகமே மாறிவிடும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1982-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று சிறுவர்கள் 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' என்ற இந்தியானா ஜோன்ஸ் படத்தை ஷாட் ஷாட்டாகத் திரும்ப எடுக்க ஆரம்பித்து, 1989-ல் முடித்தார்கள். விட்டுப்போன விமானக் காட்சியை 2014-ல்தான் எடுத்தார்கள். காட்சிகளை வரிசை மாற்றி எடுத்ததால், அந்தப் படத்தில் நடிகர்களின் வயது காட்சிக்குக் காட்சி முன்னும் பின்னும் போய்வரும். பிள்ளைகள் என்பதால் அது அழகு. பெரியவர்கள் எடுக்கும் படத்தில் தாடியும் முடியும் மாறிக்கொண்டே இருந்தால் யாரும் ரசிக்கமாட்டார்கள். நாடகக் குழுவின் மேடை தேதிகளை முதலில் வாங்கிவைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஷெட்யூல் போடுங்கள். அடுத்த நாடகத்துக்காக மொட்டையடிக்க வேண்டியிருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிடுவது நல்லது.

'முடியாது' என்று அவரே சொல்வார் என்று எதிர்பார்ப்பது

சொல்லமாட்டார். மேடையில் கால் சுளுக்கினாலும் காட்சியை முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தப் பெருமைதான் சாகசப் படத்தில் ஆபத்து. ஆகவே நிறுத்தவேண்டிய பொறுப்பு இயக்குநருடையது.

மேடைச் சண்டை தெரிந்தவர் என்பதால் கேமரா சண்டையும் தெரியும் என்று எண்ணாதீர்கள். மேடையில் குத்து படவில்லை என்பதைப் பார்வையாளர் பக்கத்திலிருந்து மறைக்க வேண்டும். இங்கே லென்ஸிலிருந்து மறைக்க வேண்டும், லென்ஸ் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடம் மாறும். நீள லென்ஸில் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளி சுருங்கித் தெரியும் என்பதால், ஒரு கை தூரம் தள்ளி வீசிய குத்தும் பட்டதுபோல் இருக்கும். அந்த வசதி இருக்கும்போது கிட்டே போகத் தேவையே இல்லை.

சாட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. சாட்டை எழுப்பும் அந்த வெடிச்சத்தம், நுனியை ஒட்டிய பகுதி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் வருவது. கண்ணில் பட்டால் பார்வை போகும். படத்தில் அந்தச் சத்தத்தை எடிட்டிங்கில்தான் சேர்க்கப்போகிறீர்கள், அதனால் நடிகர் முன்னால் ஆள் இருக்கும்போது சாட்டையை முழு வேகத்தில் சொடுக்கவே வேண்டாம். வீசுவது ஒரு ஷாட், சுற்றிக்கொள்வது தனி ஷாட்.

துப்பாக்கி என்றால் சுடவே முடியாத ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொம்மை, நெருப்பும் புகையும் எடிட்டிங்கில். வேறு வழியை யோசிக்கவே கூடாது. 1984-ல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம், 1993-ல் நடிகர் பிராண்டன் லீ, 2021-ல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் என்று மூன்று பேர் படப்பிடிப்பில் இருந்த துப்பாக்கிகளால் உயிரிழந்தார்கள். மூன்றுமே தொழில்முறைப் படப்பிடிப்புகள், நம்மைவிட ஆளும் பணமும் அதிகம் உள்ளவர்கள். பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் பொது இடத்தில் எடுக்கும்போது காவல்துறைக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வது

'லாபத்துக்கு எடுக்கவில்லை, அதனால் பிரச்சினை வராது' என்று நடிகரிடம் உறுதி சொல்லிவிடாதீர்கள். 2015 டிசம்பரில் 'ஸ்டார் டிரெக்' ரசிகர் படம் ஒன்றின் மீது அந்தக் கதையின் உரிமையாளர்களான பாரமவுன்ட், சிபிஎஸ் நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2017 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. நடுவில் 2016-ல் அவர்கள் வெளியிட்ட ரசிகர் பட விதிகளில், ஒரு கதைக்கு 15 நிமிடம், இரண்டு பாகமாகப் போனால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் நிதி 50,000 டாலருக்குள், பங்கேற்பவர்களுக்குச் சம்பளம் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் கதையின் உரிமையாளருக்கு என்ன விதி என்று முதலில் படியுங்கள். சம்பளம் கூடாது என்று விதி இருந்தால் நடிகருக்குப் பிறகு ஏதாவது தருவதாகச் சொல்லவே கூடாது. தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் அங்கே கேட்டுவிட்டு வரட்டும்.

ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொடுங்கள்: எத்தனை நாள், பயணச் செலவு யாருடையது, பெயர் எப்படி வரும், முடிந்ததும் அவர் நடித்த பகுதியின் பிரதி எப்போது கைக்கு வரும். கடைசி விஷயத்தில்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். நானும் ஒரு படத்தில் நான்கு இரவு நடித்துவிட்டு, ஒரு நிமிடக் காட்சியைக்கூட வாங்க முடியாமல் போயிருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலைக்கு அந்தக் காட்சிதான் கூலி.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். மேடை மேக்கப்பை அப்படியே போட்டுவரச் சொல்லாதீர்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும், தவிர்த்துவிடுங்கள். வசனம் தவறினால் தானாக நிறுத்தாமல், அந்த வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பிப்போகச் சொல்லுங்கள், எடிட்டருக்கு உதவும்.

'கட்' சொன்னபிறகு பேசாமல் இருப்பது

மேடையில் நன்றாகச் செய்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். சிரிப்பு, மௌனம், கைதட்டல், ஏதோ ஒன்று வந்து சேரும். படப்பிடிப்பில் 'கட்' என்றதும் எல்லோரும் மானிட்டரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஃபோகஸ் பற்றியும் நிழல் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். "இன்னொரு முறை போகலாம்" என்று ஒரு சத்தம் வருகிறது. நடிகர் கையில் அணைந்த தீப்பந்தத்தோடு பத்தடி தள்ளி நின்று, தன் நடிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்.

அன்று அந்தக் குகைக் காட்சியின் எட்டு டேக்கில் மூன்று, ஃபோகஸ் தவறியதால் போனவை. மதிய இடைவேளையில் கேமராக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அந்த நடிகருக்கே தெரிந்தது. "அப்படியா, அதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். திரும்பி வந்து, ஒன்பதாவது டேக்கில் ஓகே வாங்கிவிட்டார்.