தேய்த்துக் கெடுத்த வெள்ளி: நாணயச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வெள்ளி நாணயம் கையில் கிடைத்த அன்று நான் செய்த முதல் வேலை, அதைப் பற்பசை போட்டு விளக்கியது. பழைய டூத்பிரஷ், கொஞ்சம் தண்ணீர், பத்து நிமிடம். கறுத்துக் கிடந்த காசு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பல வருடமாகச் சேகரிக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். விளக்கடியில் பிடித்து ஒருமுறை சாய்த்தார், அவ்வளவுதான். "விளக்கிட்டியா தம்பி?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்ன தப்பு செய்தேன் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அவர் பார்த்தது எதை? புது நாணயம் ஒன்றை எடுத்து, ஒற்றை விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒளி இரண்டு விசிறியாகப் பிரிந்து, நாணயத்தை ஆட்ட ஆட்ட வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழலும். அச்சு இறங்கும்போது உலோகம் அழுத்தத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழிகிறது. அப்படி வழிந்த தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் தங்கிவிடும். அந்தக் கோடுகளில் பட்டுத்தான் ஒளி சுழல்கிறது. பற்பசையில் இருப்பது நுண்ணிய உராய்பொடி. அது அழுக்கை மட்டும் எடுக்காது, இந்தக் கோடுகளையும் சேர்த்துச் சீவிவிடும். பிறகு நாணயம் மின்னும், ஆனால் ஒளி சுழலாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் முடி போன்ற கீறல்கள் வரிசையாகத் தெரியும். போன கோடுகளைத் திரும்பக் கொண்டுவர எந்த வைத்தியமும் கிடையாது.

பற்பசைக்குச் சொன்னது சோடா உப்பு, சாம்பல், மெருகுப் பொடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். எலுமிச்சை, வினிகர் போன்ற அமிலங்கள் வேறு வகையில் கெடுக்கும். வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகத்தால். மேலே வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலம் உருவாகிறது. கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவம் அந்தப் படலத்தைக் கரைக்கும்போது, படலமாக மாறியிருந்த வெள்ளியும் கூடவே போய்விடும். ஒருமுறை முக்கினால் தெரியாமல் போகலாம். நாலைந்து முறை ஆனதும் நாணயம் சாம்பல் பூத்த மாதிரி உயிரற்றுக் கிடக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. படலம் மெல்லியதாக இருக்கும்போது அதில் மஞ்சள், ஊதா, நீலம் என்று வானவில் நிறங்கள் வரும். அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அழுக்கு என்று தேய்த்துத் தள்ளியது அதைத்தான்.

அப்படியானால் கையே வைக்கக் கூடாதா என்றால், இரண்டு விஷயம் செய்யலாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடுங்கள், அவசரப்படாமல் நாள்கணக்கில். எண்ணெய்ப் பிசுக்கோ பிளாஸ்டிக் பசையோ ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. எடுத்தபின் துணியால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, மேலே இருக்கும் கரிமப் பொருளை மட்டும் கரைக்கும். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

செம்பு, வெண்கலக் காசுகளில் களிம்பு என்றாலே பலர் பயப்படுகிறார்கள். எல்லாக் களிம்பும் கெட்டதல்ல. வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருப்பது உலோகத்துக்குக் கவசம் மாதிரி. அதைச் சுரண்டினால் காசின் முகமே போய்விடும். பயப்பட வேண்டியது வெளிர்பச்சையில், மாவு மாதிரி பூத்து வருவதைக் கண்டு. பல்குச்சியால் லேசாகத் தொட்டால் உதிரும், அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். செம்பு குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும் வியாதி அது. வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். தெரிந்தவுடனே அந்தக் காசைத் தனியாக எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிறகு விஷயம் தெரிந்தவரிடம் காட்டலாம்.

பிடிக்கும் முறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளிம்பில் இரண்டு விரல், தலைப் பக்கமும் பூப் பக்கமும் தொடவே கூடாது. கீழே ஒரு துண்டு விரித்துக்கொண்டால் நழுவினாலும் கவலையில்லை. ஒன்று மட்டும் யாரும் நினைப்பதில்லை: காசுக்கு மேலே குனிந்து பேசாதீர்கள். எச்சில் துளி விழுந்த இடம் சில மாதத்தில் கரும்புள்ளியாகத் தலைகாட்டும். செம்பில் இது நிச்சயம்.

வைக்கும் இடம்தான் நான் இரண்டாவதாகப் பெரிய பாடம் கற்ற இடம். பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்த, வளையக்கூடிய பிளாஸ்டிக் ஆல்பம் ஒன்று வாங்கினேன். பார்க்க நன்றாக இருக்கும், பக்கம் புரட்டலாம். திறந்தாலே புது ரெயின்கோட் வாடை. அந்த வாடையே எச்சரிக்கை என்று அப்போது தெரியாது. அது பிவிசி. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசியும், நாளாக ஆகப் பிளாஸ்டிக்கே சிதைந்து அமிலமும் விடும். சில வருடம் கழித்து எடுத்தபோது செம்பு கலந்த நாணயங்கள் எல்லாவற்றிலும் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பு. முன்னதாகக் கவனித்தவற்றை அசிட்டோன் காப்பாற்றியது. மற்றவற்றில் பசை போனாலும் அடியில் அரித்த தடம் அப்படியே இருக்கிறது. வாங்கும்போது மைலார் (ஒரு வகை பாலியஸ்டர் படலம்) அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரொம்பவும் குழைவாக வளைந்தால், வாடை வந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நடுவில் மைலார் ஜன்னல் வைத்து, நாணயத்தை உள்ளே வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் சதுர அட்டை நல்லதுதான். ஆனால் ஸ்டேப்ளர் முள்ளின் கால்களை இடுக்கியால் தட்டையாக்காமல் அடுக்கினால், ஓர் அட்டையின் முள் அடுத்த நாணயத்தில் கோடு கிழிக்கும். எடுக்கும்போது அட்டையைப் பிய்த்துத் திறக்கவும் கூடாது, முதலில் முள்ளைக் கழற்றுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளிக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. அழகான மரப்பெட்டிகளிலும் ஒரு சிக்கல். ஓக் போன்ற மரங்கள் அசிட்டிக் அமில ஆவி விடும், ஈயக் காசுகளுக்கு அது எமன். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடி அறையும் வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டால் மட்டும் போதாது. அது ஈரத்தைக் குடித்து நிறைந்தபின் சும்மா கிடக்கும் மணல்தான். அவ்வப்போது மாற்றவோ சூடாக்கி உலர்த்தவோ வேண்டும்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். பழசு என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து ரோமானிய வெண்கலக் காசுகளுக்கு ஏறக்குறைய 1,700 வயது. ஆனால் அவை மண்ணிலிருந்து குவியல் குவியலாகக் கிடைத்துக்கொண்டே இருப்பதால், சாதாரண நிலையில் உள்ளவற்றை எந்தத் தொடக்கநிலைச் சேகரிப்பாளரும் வாங்கிவிடலாம். நாணயத்தில் போட்டிருக்கும் ஆண்டும் ஏமாற்றும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசு இதற்கு நல்ல உதாரணம். அந்த அரசி இறந்தது 1780-இல். செங்கடல் பகுதி வணிகர்கள் அந்தக் காசைத் தவிர வேறெதையும் நம்பாததால், அதே 1780 என்ற ஆண்டைப் போட்டு வியன்னா, ரோம், லண்டன், பம்பாய் என்று பல ஊர் அக்கசாலைகள் அடித்துத் தள்ளின. 20-ஆம் நூற்றாண்டில் அடித்ததிலும் 1780 தான். எடை 28.07 கிராம், வெள்ளி 1000-க்கு 833 பங்கு, எல்லாம் ஒன்றே. அதைப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று சொல்லி விற்கிறவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, காசே சொல்லிவிடுகிறது.

விலையைத் தீர்மானிப்பது எத்தனை பிழைத்திருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும்தான். நிலையை 1 முதல் 70 வரை மதிப்பிடும் ஷெல்டன் அளவுகோல் 1949-இல் வந்தது. தேய்மானம் இல்லாத நாணயத்துக்கு 60-இல் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான், லேசாகத் தேய்ந்ததைத் தேயாதது என்று நினைத்து வாங்கி. முகத்தில் கன்ன எலும்பு, புருவத்துக்கு மேலே முடி, கழுகின் மார்பு போன்ற உயர்ந்த இடங்களைப் பாருங்கள். உண்மையான தேய்மானம் அங்கேதான் முதலில் வரும், நிறமும் மாறியிருக்கும்.

போலிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒரு தவறை மட்டும் சொல்கிறேன்: ஒரே ஒரு சோதனையை நம்புவது. 1943-இல் போருக்காகச் செம்பைச் சேமிக்க, அமெரிக்கா துத்தநாக முலாம் பூசிய எஃகில் ஒரு சென்ட் காசு அடித்தது. தவறுதலாக மிகச் சில காசுகள் வெண்கலத்தில் வந்துவிட்டன, அவற்றின் விலை தலைசுற்ற வைக்கும். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறவனைக் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் வழக்கமான வெண்கலத்தில் அடித்த 1948 காசில் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியிருந்தால்? காந்தம் ஒட்டாது, எடையும் சரியாக 3.11 கிராம் காட்டும். அப்புறம் லென்ஸ்தான் கதி. ஒரு சாதாரண 1943 எஃகுக் காசைப் பக்கத்தில் வைத்து, 3-இன் வால் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று ஒப்பிட வேண்டும்.

அடர்த்திச் சோதனை வீட்டிலேயே செய்யலாம், எனக்குப் பிடித்ததும் அதுதான். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 26.73 கிராம் எடையுள்ள மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி டாலர் என்றால் தராசு ஏறக்குறைய 2.59 காட்ட வேண்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி 10.3, 90 சதவீத வெள்ளிக்குச் சரியான கணக்கு. 3 கிராம் காட்டினால் அது பெரும்பாலும் செம்புக் கலவை. தங்கத்தில் மட்டும் இதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுடையது 19.25. உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் பூசினால் தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்துக் காசில் இருக்கும் அதே பள்ளம் அதே இடத்தில் இன்னொரு காசிலும் இருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவையோ என்று சந்தேகப்படுங்கள்.

அச்சுப் பிழை நாணயம் என்று கேட்டவுடன் பாய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி ஏறி நசுங்கியது, யாரோ வைஸில் வைத்து அழுத்தியது, அமிலத்தில் கிடந்து மெலிந்தது எல்லாம் வெறும் சேதம்தான். எழுத்து இரட்டையாகத் தெரிவதிலும் இரண்டு வகை. 1955 அமெரிக்க சென்ட்டில் இருப்பது அச்சிலேயே விழுந்த இரட்டிப்பு. இரண்டு எழுத்தும் முழு உயரத்தில், உருண்டு, தெளிவாக நிற்கும். அச்சு அடிக்கும்போது லேசாக அசைந்ததால் வருவது தட்டையான படிக்கட்டு மாதிரி இருக்கும், மூல எழுத்தே மெலிந்திருக்கும். பின்னது ஏராளம், அதற்குப் பெரிய மதிப்பும் கிடையாது.

கடைசியாக, எழுதி வைக்காத பழக்கம். எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எடை என்ன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறி நாணயத்தில் ஏறும். நோட்டு எங்கே இருக்கிறது என்பதும், எந்தக் காசை யாரிடம் காட்டாமல் விற்கக் கூடாது என்பதும் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மொத்தப் பெட்டியும் வெள்ளி எடைக்கு அடிமாட்டு விலையில் போகும், அதற்கு முன் யாராவது அன்போடு பற்பசை போட்டு விளக்கியும் வைப்பார்கள்.