லிவிங் வில் எழுதுவது எப்படி: தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு

"இப்படித் துடிக்கிறாரே, டாக்டர் ஒரு ஊசி போட்டு அனுப்பி வைக்கக் கூடாதா?" புற்றுநோய் முற்றியவர் படுத்திருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு வரத்தான் செய்யும். நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. உயிரைப் போக்க ஊசி போட்டால் கொலை. அவரே கேட்டார் என்று விஷ மருந்தை எடுத்துக் கொடுத்தால் தற்கொலைக்கு உடந்தை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை. ஆனால் இனி மீளவே முடியாது என்ற கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. நோய் தன் வழியில் போக விடுவது வேறு, நாமே உயிரை எடுப்பது வேறு. இந்த வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அந்த மறுப்பை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் லிவிங் வில். சொத்து உயில் கண் மூடிய பிறகு பேசும். இது நீங்கள் உயிரோடிருந்தும் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேசும். வயது 18 நிறைந்து, தெளிந்த மனதோடு இருக்கும்போது, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். முத்திரைத்தாள் வேண்டும் என்று தீர்ப்பில் நிபந்தனை இல்லை.

வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. தெளிவில்லாத ஆவணத்தைச் செயல்படுத்தக் கூடாது என்பதே விதி. இப்படி எழுதுங்கள்: "குணமாக வாய்ப்பில்லாத நோயின் கடைசிக் கட்டத்தில், நினைவு திரும்பாது என்று மருத்துவர்கள் முடிவு செய்தால், எனக்கு வென்டிலேட்டர் பொருத்த வேண்டாம், பொருத்தியிருந்தால் எடுத்துவிடலாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கட்டாயம் கொடுங்கள்." டயாலிசிஸ், மூக்குக் குழாய் வழி உணவு இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் மூக்குக் குழாயில்தான் வரும். "பட்டினி போடுவதா?" என்று ஒரு சித்தப்பா கேட்டுவிட்டால் வீடே கலங்கிப்போகும்.

நீங்கள் பேச முடியாதபோது உங்களுக்காக முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் குறிப்பிடுங்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஒருவர், கூடவே இருக்கும் மகள் ஒருவர் என்றால் நல்லது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். சொத்தில் பங்குள்ளவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள். நாளைக்கு "சொத்துக்காக எழுதி வாங்கினார்கள்" என்ற பேச்சுக்கு அதுவே வழி விடும்.

பெயர் குறிப்பிட்டவர்களுக்கும் வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். உள்ளாட்சிக்கும் ஒன்று: தருமபுரி, அரூர் போன்ற ஊர்களில் நகராட்சி, கிராமத்தில் ஊராட்சி. வாங்கத் தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை ஆவணத்தோடு பின் செய்து வையுங்கள். பீரோவில் பூட்டிய காகிதம் நடுராத்திரி ஐசியு வாசலில் உதவாது. போனிலும் படமெடுத்து வையுங்கள். சேலம், பெங்களூர் என்று எங்கே ரெஃபர் செய்தாலும் இந்த ஆவணம் செல்லும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

ஆஸ்பத்திரியில், சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்கும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவரும் இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு. ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. கருவியை எடுக்குமுன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தரும். மருத்துவக் குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். லிவிங் வில் இல்லாதவருக்கும், குடும்பத்தார் சம்மதத்தோடு இதே வழி உண்டு. ஆனால் அந்த நேரத்தில் குடும்பம் ஒருமனதாக இருப்பது அபூர்வம்.

"கொன்றுவிடுங்கள்" என்று கெஞ்ச வைப்பது பல நேரம் வலிதான். சாவைக் கேட்கிறவருக்கு முதலில் வலி சரியாகப் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். டாக்டர் எழுதும் மார்ஃபின் மாத்திரையைச் சாதாரணமாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருமுன்பே கொடுக்க வேண்டும். அளவோடு கொடுத்தால் அது உயிரை எடுக்காது. மலச்சிக்கல் வரும் என்பதால், மலமிளக்கியையும் அதே சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.