பழைய தேவாலயத்தில் சக்கர நாற்காலிக்கு வழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் பழைய தேவாலயம் ஒன்றில் சக்கர நாற்காலிக்கு வழி செய்ய முடிவெடுத்தவுடன், நிர்வாகக் குழு பெரும்பாலும் மேசனைத்தான் அழைக்கிறது. முதல் தவறு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. 1757 இல் ஆராதனைக்குத் திறக்கப்பட்ட வூல்வெண்டால் தேவாலயத்தைப் போன்ற ஒல்லாந்தர் காலக் கட்டடங்களின் தடித்த சுவர்கள் கபுக் கல் எனப்படும் செம்புரைக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அவற்றோடு ஒட்டிச் சீமெந்துச் சரிவுப் பாதை கட்டினால், சுவரிலுள்ள ஈரம் வெளியேற வழியின்றி மேலேறி, சில மழைக்காலங்களுக்குள் பூச்சு உதிரத் தொடங்கும். சுவரைத் தொடாமல், வேண்டும்போது கழற்றக்கூடிய மர அல்லது இரும்புச் சரிவுப் பாதையே பொருத்தமானது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் எனில், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேலைக்கு முன்பே தேவை.

இடம் போதவில்லை என்று சரிவைச் செங்குத்தாக்குவது அதைவிட ஆபத்தான தவறு. பரவலாக ஏற்கப்பட்ட அளவு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தலா 15 சென்ரிமீற்றர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு 5.4 மீற்றர் வேண்டும். அதை இரண்டு மீற்றரில் முடித்தால், ஏறும்போது தள்ளுபவர் திணறுவார், இறங்கும்போது அமர்ந்திருப்பவர் முன்னே சரிவார். அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வெளியாகியிருக்க, அளவுகளைக் கண்மதிப்புக்கு விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. "நாலு பொடியன்மார் தூக்கிவிடுவார்கள்" என்ற பதில் அன்பினால் வருவதுதான். ஆனால் தூக்கப்படுபவரின் விருப்பத்தை அது கேட்பதில்லை.

உள்ளே போனபின் வரும் தடைகளை யாரும் பார்ப்பதில்லை. வாசற்படிக் கட்டையின் இரண்டு அங்குல உயரமே முன் சில்லுகளை நிறுத்திவிடும். தரையில் பதித்த பழைய கல்லறைக் கற்களின் இடைவெளிகளை மறைக்கத் தளர்வான கம்பளம் விரித்தால், அது சுருண்டு சில்லில் சிக்கும். கல்லையும் எழுத்தையும் சேதப்படுத்தாமல், ஓரம் மெலிந்த உறுதியான பலகையை மேலே வைப்பதே நல்லது.

நாற்காலியைக் கடைசி வரிசைக்குப் பின்னாலோ நடைபாதையிலோ நிறுத்தச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பழைய வாங்கை அறுக்காமல், நகர்த்தக்கூடிய ஒன்றை எடுத்துவிட்டு, குடும்பத்தார் பக்கத்தில் அமரும்படி நடு வரிசையில் இடம் ஒதுக்கலாம். கழிவறைக் கதவின் அகலத்தையும் அன்றே அளந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, சரிவுப் பாதை வைத்த பக்கவாசலைப் பூட்டி, திறப்பை ஒருவரிடம் மட்டும் கொடுத்து வைக்கும் ஆலயங்களும் உண்டு. ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.