கியூஆர் கோடு மேல் நிற்காத முப்பரிமாண மாடல்: என் அனுபவம்

அச்சடித்த கியூஆர் கோடை மொபைல் கேமராவுக்குக் காட்டினால் அதன் மேலேயே ஒரு இயந்திரத்தின் முப்பரிமாண மாடல் நிற்க வேண்டும், என் ஏஆர் (கேமரா காட்சியின் மேல் கணினி உருவத்தைப் பொருத்திக் காட்டும்) ஆப் செய்ய வேண்டியது அவ்வளவுதான். நேராகப் பார்த்தால் கச்சிதமாக நின்றது, பக்கவாட்டில் நாலு அடி நகர்ந்தால் மாடல் காகிதத்தை விட்டு வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு நாள் கோடிங்கில் தேடினேன், தவறு அங்கே இல்லவே இல்லை.

கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆப்பில் 10 செ.மீ. அகலம் என்று கொடுத்திருந்த கியூஆர் கோடு காகிதத்தில் 9.4 செ.மீ.தான் இருந்தது! பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்துக்குள் அடங்கும்படி பிரிண்டர் சுருக்கிவிட்டது. கோடின் அகலத்தை வைத்துத்தான் ஆப் தூரத்தைக் கணக்கிடுகிறது, அதனால் ஒரு மீட்டரில் இருப்பதை இன்னும் 6 செ.மீ. பின்னால் இருப்பதாக எடுத்துக்கொண்டு மாடலையும் அங்கேயே நிறுத்தியது. 100 சதவீத அளவில் மறுபடி அடித்ததும் வழுக்கல் நின்றது.

சரி, அப்புறமும் தூரத்திலிருந்து ஸ்கேன் ஆகவில்லை. நீளமான இணைய முகவரியை முழுசாக உள்ளே திணித்திருந்தேன், அதனால் கோடின் ஒவ்வொரு ஓரத்திலும் 57 கட்டங்கள், எல்லாம் பொடிப்பொடியாக. அதற்குப் பதில் எட்டு எழுத்து அடையாளம் மட்டும் வைத்து, மீதியை ஆப்பே தேடி எடுக்கும்படி மாற்றினேன். 30 சதவீதப் பிழைத்திருத்தம் (கோடில் அவ்வளவு சேதமானாலும் படிக்க முடியும்) வைத்தும் 21 கட்டத்தில் அடங்கிவிட்டது, ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 5 மி.மீ.! சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பும் விட்டேன், டிசைனுக்காக அதை வெட்டிவிடாதீர்கள். பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் மூலைச் சதுரம் வெளுத்துப்போய் கேமராவுக்குத் தெரிவதில்லை.