பொறி தட்டும்போது மூளையில் எந்த அலை? வீட்டிலேயே பார்க்கலாம்

புதிருக்கு விடை இரண்டு விதமாக வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஒரு வகை. திடீரெனப் பொறி தட்டுவது இன்னொரு வகை. மூளை ஆய்வாளர்கள் மார்க் யுங்-பீமன், ஜான் கூனியோஸ் குழு 2004-இல் இரண்டையும் மூளையின் மின் அலைப் பதிவில் (EEG) ஒப்பிட்டது. பொறி தட்டி விடை வந்தபோது, விடை கிடைத்ததாகப் பொத்தானை அழுத்துவதற்குச் சுமார் 0.3 நொடி முன்பு வலது காதுக்கு மேலே காமா என்ற வேகமான அலை எழுந்தது. அதற்கும் சற்று முன்னால் பின்தலையின் வலப்பக்கம் ஆல்பா என்ற மெதுவான அலை கூடியது.

காமாவைத் துரத்தாதீர்கள். கோத்தகிரியில் மார்கழிக் குளிரில் உட்கார்ந்து பதிவு செய்தால், நடுக்கமும் பல் கடிப்பும் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 அலை) மேலே தசை மின்சாரமாகக் கொட்டும். திரையில் அது அச்சு அசல் காமா மாதிரியே தெரியும். நமக்கு 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆல்பா போதும்.

1. தேவையானவை: ஒற்றைச் சேனல் EEG போர்டு, மூன்று மின்முனைகள், மின்முனைக்கான ஜெல், லேப்டாப். லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓடட்டும். உடம்பில் ஒயர் இருக்கும்போது சார்ஜரைச் செருகவே கூடாது. ரூம் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம்.

2. முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய மண்டையில் எந்த ஜெல்லும் வேலை செய்யாது. பின்மண்டையில் புடைப்பாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதிலிருந்து சுமார் 3.5 செ.மீ. மேலே, 3 செ.மீ. வலப்பக்கம் தள்ளி, முடியை விலக்கி முதல் மின்முனையை வையுங்கள். மற்ற இரண்டும் காதுகளுக்குப் பின்னால்.

3. கண்ணை மூடுங்கள். நொடிக்குப் பத்து என்ற கணக்கில் அலை சீராக ஏறும், திறந்ததும் அடங்கும். ஏறவில்லையா? பெரும்பாலும் ஜெல்தான் காரணம். சிலருக்கு இயல்பிலேயே ஆல்பா சிறிது, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

4. இப்போது புதிர். மைல், அம்மி, படி: மூன்றோடும் ஒட்டும் ஒரு சொல் எது? இதுபோல நாற்பது, ஐம்பது புதிர்களை வீட்டில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களே எழுதினால் விடை தெரிந்துவிடுமே! விடை வந்ததும் ஒரு விசையை அழுத்துங்கள். அப்புறம் அது எப்படி வந்தது என்று உடனே குறியுங்கள்: ‘தேடி’ அல்லது ‘பொறி’. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மொத்தப் பதிவும் வீண். ஒரே புதிர் ஒருவருக்குத் தேடி வரும், இன்னொருவருக்குச் சட்டென வரும். புதிரைப் பார்த்து வகை பிரிக்க முடியாது.

5. விசையை அழுத்துவதற்கு முந்தைய 2 நொடிகளை மட்டும் வெட்டி எடுங்கள். அந்த நேரத்தில் கண்ணை மூடியிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம், ஆல்பா தானாகவே ஏறியிருக்கும். மீதியை இரண்டு குவியலாக்கி, ஒவ்வொன்றிலும் ஆல்பாவின் சராசரியைப் பாருங்கள். தனித்தனித் துண்டில் ஒன்றும் பிடிபடாது. இரண்டு சராசரியும் ஒட்டியே வந்தால், இன்னொரு நாள் புதுப் புதிர்களோடு உட்காருங்கள். ‘பொறி’க் குவியலில் பத்துத் துண்டுகூட இல்லாமல் எதையும் முடிவு கட்ட வேண்டாம்.