ஷோகி நிரலை எதிர்த்து ஆட ஆயத்தமாவது எப்படி

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில், 2017இல் மெய்ஜின் என்ற உயரிய பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்த சாத்தோ அமாஹிகோவையே பொனான்ஸா என்ற கணினி நிரல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றுவிட்ட நிலையில், ஷோகியில் கணினியை வெல்லப் பொதுவான ஆட்டத்திறன் மட்டும் போதாது. எதிரில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட நிரலைத் தனியாகப் படித்தாக வேண்டும்.

முதலில், எதிர்கொள்ளப்போகும் அதே பதிப்பை நிறுவி, அது ஒரே இழையில் (thread, அதாவது ஒரே கணக்கீட்டு ஓட்டத்தில்) இயங்குமாறும், நகர்த்தலுக்கு இத்தனை நிலைகளை மட்டுமே ஆராயுமாறும் அமைத்துக்கொள்ளுங்கள். பல இழைகளில் ஓடும் நிரல் ஒரே நிலையில் வெவ்வேறு நகர்த்தல்களைத் தரக்கூடும் என்பதால், நீங்கள் கண்டது அதன் பலவீனமா, தற்செயலா என்பது தெரியாமல் போய்விடும்.

அடுத்து, அதன் பார்வை எட்டாத இடத்தைத் தேடுங்கள். மனிதர்கள் 3-2 என வென்ற 2015ஆம் ஆண்டு டெனோசென் என்ற மனிதர்-கணினி ஷோகிப் போட்டி இதற்கு நல்ல பாடம். அதில் நிரல்கள் தொழில்முறை வீரர்களிடம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. அகுட்சு சிகாரா வேண்டுமென்றே ஓர் இடத்தைத் திறந்துவைக்க, அவேக் நிரல், எதிராளியிடமிருந்து கைப்பற்றித் தன் கையிருப்பில் வைத்திருந்த காக்குக் காயை (மூலைவிட்டமாக நகரும் காய்) அங்கே இறக்கியது. உடனடி ஆதாயம் அதன் கணக்குக்குள் இருந்தது. அக்காய் பிறகு சிக்கிக்கொள்ளப்போவது அதற்கு எட்டவில்லை. 21ஆவது நகர்த்தலிலேயே நிரலை உருவாக்கியவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இது நேர்மையான ஆட்டமா என்று சிலர் கேட்டாலும், விதிக்குள் நின்று எதிராளியை ஆராய்வதில் குறைகாண எனக்குக் காரணம் தெரியவில்லை.

நிரலாளர் விட்டுவைத்த அரிய விதிகளையும் சோதியுங்கள். எதிரணியின் எல்லைக்குள் செல்லும் காக்குக்குப் பதவி உயர்வு (கூடுதல் நகரும் ஆற்றல்) கொடுக்காமல் விடுவது ஏறக்குறைய எப்போதும் நட்டமே என்பதால், செலீனே நிரல் அந்த வாய்ப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அதே போட்டியில் நகாசே தக்குயா அப்படியொரு காக்குவால் அரசனுக்கு முற்றுகை வைத்தபோது, அதைக் கவனியாமல் வேறு நகர்த்தலை ஆடிய செலீனே விதிமீறலால் தோற்றது.

இறுதிக்கட்டத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம். முற்றுகைத் தொடர்களைக் கணக்கிடுவதில் நிரல் மிகவும் கூர்மையானது என்பதால், யார் முதலில் மாட் செய்வது (அரசனைத் தப்பவிடாமல் மடக்குவது) என்ற ஓட்டப்பந்தயத்தில் இறங்குவதை விட, வாய்ப்பிருந்தால், மடக்குவது கடினமாகிவிடும் எதிரணியின் எல்லைக்குள் அரசனை நுழைத்துவிடுவது மேல்; 2013இல் பியூயெல்லா ஆல்ஃபா நிரலுடன் தடுமாறிக்கொண்டிருந்த தொழில்முறை வீரர் ட்சுகாதா யாசுவாக்கி அவ்வழியில்தான் ஆட்டத்தைச் சமன் செய்தார்.

கற்பவர்கள், நிரலின் ஹிஷாவையும் (நேர்கோட்டில் நகரும் காய்) காக்குவையும் தொடக்கத்திலேயே நீக்கிவிட்டு ஆடிப் பழகி, தொடர்ந்து வெல்லத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு காயாகத் திருப்பிக் கொடுக்கலாம்.