கார்புரேட்டருக்கு எந்த பெட்ரோல் பம்ப்?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் நிற்கும் பழைய பி.எம்.டபிள்யூ 325ஐ-யில், கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் வெபர் 40 கார்புரேட்டர் மூன்றைப் போட்டேன். தொட்டிக்குள் இருக்கும் பழைய பம்பையே வைத்து, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரால் அடக்கிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய 3 பார், வெபருக்கு 0.25 பாரே தாராளம். மிஞ்சினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி வால்வு தாங்காது. உள்ளே பெட்ரோல் தேங்கும் மிதவை அறை நிரம்பி, பெட்ரோல் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும்.

அதனால் குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று வாங்கினேன். இந்த வகை நன்றாகத் தள்ளும், இழுப்பதில்தான் சோம்பல். பின்னால், தொட்டிக்கு அருகே, முடிந்தவரை தாழ்வாக மாட்டுங்கள். டர்பன் வெயிலில் இன்ஜின் பக்கம் வைத்தால் குழாயில் ஆவி கட்டும். அடியில் ரப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் டக் டக் சத்தம் சீட் வரை வரும்.

“எல்லாம் சரி தம்பி, வண்டி மோதினால் பம்பை யார் நிறுத்துவது?” என்று கேட்டார் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன். நல்ல கேள்வி. இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்திய கம்ப்யூட்டரைத்தான் கழற்றியாயிற்றே! பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயோடு, மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் சேர்த்தேன். அப்புறம் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்து, சிறிய ரெகுலேட்டரால் 0.22 பாரில் நிறுத்தினேன்.